கண்ணாடி வீட்டில் கழிவு நீர்

குசினியிலும் குளியலறையிலும் ஊற்றிவிட்ட நீரை மறந்துவிடுகிறோம். ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஃபிண்ட்ஹோர்ன் சூழல் கிராமத்தார் மறக்கவில்லை. 1995இல், சுமார் 300 பேரின் கழிவுக்கென ஒரு கண்ணாடி வீடே கட்டினார்கள். பார்த்தால் பூந்தோட்டம் என்பீர்கள்! முதலில் மண்ணுக்கடியில் காற்றுப் புகாத தாங்கிகள். பிறகு காற்றூட்டிய தாங்கிகள். அவற்றில் மிதக்கும் செடிகளின் வேர்களைப் பற்றிய நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும்.

“என்றாலும் நஜீஸ்தானே?” என்று முகம் சுளிக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 1978இல் சவூதியின் மூத்த உலமாக்கள் சபை இதை ஆராய்ந்தது. நவீன சுத்திகரிப்பால் நிறம், சுவை, மணம் மூன்றிலும் அசுத்தத்தின் அடையாளம் நீங்கினால் அந்நீர் வுழூவுக்கும் ஆகும். குடிப்பதை மட்டும் உடல்நலம் கருதித் தவிர்ப்பது நல்லது என்றார்கள். ஆனால், நம்பிக்கையான நிபுணர்கள் அதற்குச் சாட்சி சொல்லவேண்டும். செடி பூத்திருக்கிறதே என்பது சாட்சியாகாது.