மருந்தில் பாதி ஓர் அறை

விடியற்காலையில் தம்பானூரில் இரயிலை விட்டு இறங்கி, நோயுற்ற குழந்தையைத் தோளில் சுமந்து, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தை நாடும் குமரி, நெல்லைச் சீமைப் பெற்றோர் பலர். 1981-இல் தோன்றிய மண்டலப் புற்றுநோய் மையம் அங்கேதான் உள்ளது.

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குரிய சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். அறை வாடகை தாளாமல் இடையில் ஊர் திரும்பினால், தீரக்கூடிய நோயும் தீராமற்போகும்.

இதை உணர்ந்தே 1974-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் எழுந்தது. நம் நாட்டில் 2006-இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இல்லங்கள், குடும்பத்திற்கோர் அறையும், தாய் தன் கையால் சமைக்க அடுப்பும் இலவசமாய் அளிக்கின்றன. தாய் சமைத்த சோறும் மருந்தன்றோ!

ஊர்விட்டு வந்த நமக்கு, தலைசாய்க்க இடம் தேடும் துயர் புதிதன்று. மருத்துவமனைக்கு அருகே வாழும் அன்பர்கள் தூயதோர் அறையை ஒதுக்குவார்களாக!