ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாய்

சித்திரை, வைகாசியில் ஆவடிக்குக் கடற்காற்று வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். மெரினாவில் மதியத்துக்கு முன்பே கரையேறிய காற்று அண்ணா நகர், பாடி, அம்பத்தூர் என்று ஒவ்வோர் ஊராகக் குளிரவைத்துவிட்டு எங்கள் தெருவுக்கு வரும்போது மணி மூன்றோ நான்கோ ஆகியிருக்கும். மொட்டை மாடிக் கொடியில் காயும் துணியெல்லாம் மேற்கே திரும்பிப் படபடத்தால் கடற்காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். என் அம்மா அதைப் பார்த்துத்தான் ஜன்னலைத் திறப்பாள்.

வாரத்தில் ஆறு நாள் எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. ஏழாவது நாள் காரின் மேல் விண்ட்சர்ஃபிங் பாயின் மாஸ்டை, அதாவது பாய்மரத்தை, இரண்டு துண்டாகக் கட்டிக்கொண்டு, நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போவேன். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பலகை அங்கே வாடகைக்குக் கிடைத்துவிடும். மதியம் ஒன்றரைக்குத் தண்ணீரில் இறங்கினால் நாலரைக்கு வெளியே வந்துவிட வேண்டும். திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் இருக்கிறது. ஆக, வாரத்தில் எனக்குக் கிடைக்கும் கடல் மூன்று மணி நேரம். பாய் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூன்று மணி நேரம் சொல்லிக்கொடுத்ததுதான்.

விண்ட்சர்ஃபிங் பலகையில் சுக்கான் கிடையாது. கலிஃபோர்னியாவில் ஹோய்ல் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் என்ற இருவரும் 1968-இல் இந்தப் பலகைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். டிரேக் விமானப் பொறியாளர். பாய்மரத்தைப் பலகையில் அசையாமல் நட்டு வைக்காமல், எந்தப் பக்கமும் சாயும் மூட்டு ஒன்றின்மேல் நிறுத்தியதுதான் அவர்கள் வடிவமைப்பின் உயிர்நாடி. பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றின் திசையை விட்டு விலகும். பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். ஓட்டுகிறவன் கையில் பாயே இயந்திரம், பாயே சுக்கான். அதைத் தாங்கி நிற்கும் கம்பமும் அவன் உடம்புதான். அதனால்தான் பாய் விஷயத்தில் தவறினால் வேறு எதை வைத்தும் சரிக்கட்ட முடியாது.

நான் தவறினேன். கற்றுக்கொண்டு மூன்றாவது மாதத்தில், ஊரை விட்டுப் போகும் ஒருவரிடமிருந்து 7.5 சதுர மீட்டர் பாய் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன். யோசிக்காமல் வாங்கவில்லை. பாய் அளவுக்கென்று அட்டவணைகள் இருக்கின்றன. உடல் எடையும் காற்றின் வேகமும் சொன்னால் அளவைச் சொல்லிவிடும். என் எடை 65 கிலோ. கோவளத்தில் எனக்குக் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைக் காற்று பெரும்பாலும் 12 நாட், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர். அட்டவணை ஏழு சதுர மீட்டர் என்றது. ஏழரை கிடைத்தது, வாங்கிவிட்டேன்.

அட்டவணை சொன்னது சரிதான். ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். பலகை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாமல், மேலெழுந்து வழுக்கிக்கொண்டு பறக்கும் நிலை ஒன்று உண்டு. மெல்லிய காற்றில் அந்த நிலையை எட்ட எவ்வளவு பெரிய பாய் வேண்டும் என்பதைத்தான் அட்டவணை சொல்கிறது. நானோ அப்போது ஒரு மணி நேரத்தில் இருபது முறை விழுகிறவன். ஒவ்வொரு முறை விழும்போதும் பாய் தண்ணீரில் படுக்கும். அதன்மேல் கடல் ஏறிக்கொள்ளும். பலகைமேல் நின்று கயிற்றைப் பிடித்து அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஏழரைப் பாய் தண்ணீரோடு சேர்ந்தால் என் முதுகு தாங்கவில்லை. இரண்டரை மணிக்கெல்லாம் கரையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரக் கடலில் ஒரு மணி நேரம்தான் என்னுடையதாக இருந்தது.

இன்னொரு கணக்கையும் அந்தப் பாய்தான் புரியவைத்தது. காற்றின் விசை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 10 நாட் காற்று 14 ஆனால் நான்குதானே கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் பாயின் மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். கடல்மேல் வெள்ளை நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது, திடீரென எங்கும் தெரிய ஆரம்பித்தால், கையில் இருப்பது வேறு பாய் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எதையும் வாங்காமல், மூன்று அளவுகளை வாடகைக்கும் இரவலுக்கும் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். 4.7, 5.7, 6.7. ஒரே கரை, ஒரே பலகை, ஏறக்குறைய ஒரே காற்று. 4.7 கையில் இருப்பதே தெரியவில்லை; தூக்கினால் வந்துவிடுகிறது, விழுந்தாலும் வலிக்கவில்லை. ஆனால் 12 நாட் காற்றில் பலகை நகர மனமில்லாமல் நகர்ந்தது. காற்றுக்கு எதிராக ஏறி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவது கடினம். 6.7 இழுத்தது, ஆனால் விழுந்தால் பழைய முதுகுவலியை நினைவூட்டியது. 5.7-இல் நாலரை மணி வரை நின்றேன். பலகை பறக்கவில்லை. ஆனால் திரும்பக் கற்றேன், பாயைச் சாய்க்கக் கற்றேன், காற்று வருவதைத் தண்ணீரின் நிறம் கறுப்பதிலிருந்து கண்டுகொள்ளக் கற்றேன். 5.7 வாங்கினேன்.

அளவு முடிவானால் அடுத்தது வடிவம். பந்தயப் பாய்களில் மாஸ்டை அணைத்துப் பிடிக்கும் கேம்பர் என்ற துண்டுகள் இருக்கும். அவை பாயின் வயிற்றைக் காற்று இல்லாதபோதும் உப்பலாகவே வைத்திருக்கும். வேகம் தரும், ஓட்டம் நிலையாக இருக்கும். ஆனால் எடை கூடும், மாஸ்ட் உறைக்குள் தண்ணீர் ஏறும், திருப்பும்போது பாய் மறுபக்கம் புரளச் சற்று வம்பு செய்யும். பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்குக் கேம்பர் இல்லாத ஃப்ரீரைடு பாய் போதும். ஐந்தாறு பேட்டன் குச்சிகள் அதன் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். கையை விட்டால் அது தட்டையாகி அமைதியாகிவிடும். கற்றுக்கொள்கிறவனுக்கு இந்தக் குணம் பெரிய உதவி.

துணியைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர் அம்பத்தூரில் தார்ப்பாய் தைக்கும் ஒரு பெரியவர். அந்த 7.5 பாய் ஒருநாள் நான் அதன்மேல் விழுந்தபோது கண்ணாடி போலிருக்கும் நடுப்பகுதியில் ஒரு முழ நீளம் கிழிந்துவிட்டது. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவருக்கு இதுவும் முடியும் என்று நம்பி எடுத்துப் போனேன். கடைக்கு வெளியே சிமென்ட் தரையைப் பெருக்கிவிட்டுப் பாயை விரித்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதன்மேல் முழங்காலிட்டு, கிழிசலின் ஓரத்தைக் கட்டைவிரலால் மடித்தார். சட்டென்று ஒரு சின்ன முறிவுச் சத்தம்.

“தம்பி, இது துணி இல்ல. வெயில்ல காஞ்சு அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. இதுல நெருக்கமா ஊசி ஏத்துனா தபால்தலை ஓரம் மாதிரி வரிசையா கிழிஞ்சு வந்துரும்.”

“அப்போ என்ன பண்ணலாம்ண்ணே?”

“இந்தக் கட்டத்தையே எடுத்துரணும். உள்ள நூல் ஓடுற ஷீட்டு வெச்சு, மொதல்ல ஒட்டி, அப்புறம் அகலமா வளைச்சு வளைச்சுத் தைக்கணும்.”

விண்ட்சர்ஃபிங் பலகையை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் பாய் தயாரிப்பவர்கள் செய்வதை அப்படியே சொன்னார். கிழிந்தது மோனோஃபிலிம், அதாவது ஒற்றை பாலியெஸ்டர்த் தாள். எடை குறைவு, நீளாது, ஊடே கடல் தெரியும்; ஆனால் வெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கவைத்துவிடும். அவர் சொன்ன நூலோடும் தாளின் பெயர் எக்ஸ்-பிளை. இரண்டு தாளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடும். சற்று எடை கூடினாலும் கிழிசல் அடுத்த நூலிலேயே நின்றுவிடும். கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் வைத்திருப்பது டேக்ரான் துணிப் பாய். நீண்டு தளர்ந்தாலும் மிதி தாங்கும், மடிப்பு தாங்கும். சென்னை வெயிலில் கார் டிக்கியிலும் தகரக் கொட்டகையிலும் பாயைப் போட்டு வைக்கும் நம்மைப் போன்றவர்கள், நடுப்பகுதி எக்ஸ்-பிளையில் செய்த பாயைத் தேடுவது நல்லது. பழைய பாய் வாங்கினால் முதலில் ஓரத்தைக் கட்டைவிரலால் மடித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெரியவர் இரண்டு நொடியில் செய்த சோதனையை நான் பணம் கொடுக்கும் முன் செய்திருந்தால் போதும்.

மாஸ்ட் இல்லாமல் பாய் பாதிப் பொருள்தான். ஒவ்வொரு பாயும் குறிப்பிட்ட நீளமும் குறிப்பிட்ட வளைவும் உள்ள மாஸ்டுக்காகவே வெட்டப்படுகிறது. அது பாயின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். என் 5.7 பாய்க்கு 430 சென்டிமீட்டர் மாஸ்ட். நுனி அதிகம் வளையும் மாஸ்ட் உண்டு, அடி அதிகம் வளையும் மாஸ்ட் உண்டு, சீராக வளைவதும் உண்டு. பாய்க்கு வேண்டிய வளைவு மாஸ்டில் இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்த பாயும் சுருக்கம் விழுந்து நிற்கும். பணம் குறைவாக இருந்தால் சாதாரணப் பாயும் அதற்குப் பொருந்தும் நல்ல மாஸ்டும் வாங்கச் சொல்வேன். கார்பன் கூடுதலாக உள்ள மாஸ்டின் எடைக் குறைவைத் தண்ணீரிலிருந்து பாயைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் முதுகு உணரும்.

கட்டும் முறையும் தேர்வின் ஒரு பகுதியே. மாஸ்டை உறைக்குள் செலுத்தி, அடியில் உள்ள கப்பியில் கயிற்றைக் கோத்து, காலை ஊன்றி இழுக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் பாதியில் நிறுத்திவிடுவார்கள், நானும் நிறுத்தினேன். பாய் விறைப்பாக, அழகாக இருக்கிறதே என்று தோன்றும். இன்னும் இழுக்க வேண்டும். மேல்பக்கப் பின்விளிம்பு தளர்ந்து, தொட்டால் துவளும்படி ஆக வேண்டும். எதுவரை துவள வேண்டும் என்று பல பாய்களில் குறியே போட்டிருக்கும். கரையில் தொளதொளவென்று தெரியும் அந்த மேல்விளிம்புதான் கடலில் திடீர்க் காற்று அடிக்கும்போது விலகிக்கொடுத்து அதை வெளியே விடும். விறைப்பாகக் கட்டிய பாய் அந்தக் காற்று முழுவதையும் நம் கையில் கொண்டுவந்து சேர்க்கும். பாய் பெரிதாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் பலர் அதைச் சரியாக இழுத்துக் கட்டியதில்லை.

ஒலிம்பிக்கில் 1984 முதல் விண்ட்சர்ஃபிங் இருக்கிறது. 2008 முதல் டோக்கியோ வரை ஆர்எஸ்:எக்ஸ் என்ற வகையில் ஆண்கள் பிடித்த பாய் 9.5 சதுர மீட்டர். அந்த வகையில்தான் 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் நாட்டு எபாத் அலி வெண்கலம் வென்றார். அதைப் பார்த்து எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் அந்த அளவு அவர் பயிற்சியின் அளவு. நாள் முழுதும் கடலில் இருக்கும் உடம்புக்கும், வாரம் ஒருமுறை வரும் உடம்புக்கும் ஒரே பாய் பொருந்தாது.

வெளிவட்டச் சாலையில் பூந்தமல்லியைத் தாண்டும்போதெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரி நினைவுக்கு வரும். இத்தனை தண்ணீர் பக்கத்தில் இருக்க ஏன் கோவளம் வரை என்று நண்பர்கள் கேட்பார்கள். அது சென்னை குடிக்கும் தண்ணீர். அதில் பலகை இறக்கலாம் என்ற எண்ணமே கூடாது. கடல் இருக்கிறது, அதற்கென்று ஒரு நாளும் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து 6.7 ஒன்றும் வாங்கினேன். இப்போது விழுவது குறைந்துவிட்டது. 12 நாட் காற்றில் அது பலகையைச் சில நேரம் தூக்கிப் பறக்கவிடுகிறது. அட்டவணை கேட்ட கேள்வி இப்போதுதான் என் கேள்வியாக ஆகியிருக்கிறது. இருந்தாலும் கையில் முதலில் எடுப்பது 5.7-ஐத்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவே. உங்களுக்குக் கிடைக்கும் நாளில், கிடைக்கும் நேரத்தில், எவ்வளவு காற்று வீசுகிறது என்று இரண்டு மாதம் குறித்து வையுங்கள். அதன் பிறகு மூன்று அளவுகளை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். எந்தப் பாயோடு அதிக நேரம் தண்ணீரில் நின்றீர்களோ அதை வாங்குங்கள். ஆனி, ஆடி மாதக் காலைகளில் மேற்கிலிருந்து வீசும் காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். அந்த நேரத்தில் எந்த அளவுப் பாயோடும் இறங்காதீர்கள். மிதவைச் சட்டை இல்லாமலும், கரையில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் இல்லாமலும் ஒருநாளும் இறங்காதீர்கள்.