அடப்டர் மீது அச்சிட்ட எண்

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. மே மாதத்திலோ சாதாரண தரப் பரீட்சை! வெலிமடையில் எம் இல்லத்தில் மகளின் படிப்பு மேசைக்கு ஒளி தர 12 வோல்ற்றுப் பற்றறி ஒன்று இருந்தது. அதற்கு மின்னேற்றச் சிறு சார்ஜர் ஒன்றை நானே அமைத்தேன். அதற்கேற்ற அடப்டரைத் தெரிவதே பெரும்பணி.

12 வோல்ற்றுப் பற்றறிக்கு 12 வோல்ற்று அடப்டர் போதாதோ என்பர் பலர். போதாது. கீழ்வயல் நீர் மேல்வயலுக்குத் தானே ஏறுமோ? முழுதும் மின்னேறிய ஈய அமிலப் பற்றறி ஓய்விலேயே ஏறக்குறைய 12.7 வோல்ற்றுக் காட்டும். அதை நிரப்ப 14 வோல்ற்றளவு வேண்டும். இடையிலுள்ள அழுத்தச் சீராக்கியும் இரண்டு மூன்று வோல்ற்றை விழுங்கும். ஆதலின் பழைய மடிக்கணினியின் 19 வோல்ற்று அடப்டரைத் தெரிந்தேன்.

எனினும் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்புதல் தகாது. சுமையின்றி அளந்தால் நலிந்த அடப்டரும் 19 காட்டக்கூடும். ஆகவே 12 வோல்ற்று, 21 வாற்றுக் கார் மின்குமிழ்கள் இரண்டைத் தொடராக இணைத்தேன். ஏறக்குறைய ஒன்றரை அம்பியர் ஓடிற்று. அரைமணி நேரம் சென்றும் மீற்றரின் எண் சரியவில்லை. உறையும் கை பொறுக்கும் சூட்டிலேயே நின்றது. நேர்முனை, எதிர்முனை பார்த்த பின்னரே சார்ஜருடன் இணைத்தேன்.

மாணவச் செல்வங்களே, அடப்டரின் உறையை ஒருபோதும் திறவாதீர்கள். உள்ளே பாய்வது 230 வோல்ற்று. வெளியே நின்றே சோதியுங்கள். சுமந்து காட்டிய வலிமையே வலிமை. மற்றது வெறும் எழுத்து.