யார் வீட்டுப் பிள்ளை?

நைனார்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் யாராயிருந்தாலும் ஒரு பரீட்சைக்கு உட்பட்டே தீர வேண்டும். பரீட்சை நடத்துகிறவர்கள் திண்ணைக் கிழவிகள். கேள்வி ஒன்றேதான்: "யாரு வூட்டுப் புள்ளப்பா நீ?"

சென்ற தை மாதம் நானும் என் அக்கா மகளும் அங்கே போயிருந்தோம். ஊரை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. எதிர்வீட்டு ஆயா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "மூக்கு மணியக்காரர் மூக்கு. நடை உங்க பெரிய மாமன் நடை. மேலத்தெருப் பேரன்தானே?" என்றாள். பிறகு சற்று யோசித்து, "இந்தக் கண்ணு மட்டும் யாருதுன்னு தெரியலியே!" என்றாள்.

என் மருமகள் சிரித்துவிட்டாள். "மாமா, மூன்று வருஷமாக நான் செய்கிற ஆராய்ச்சியும் இதுதான்!"

அவள் ஆராய்வது சாமையின் புரதங்களை. கல்வராயன் மலைச் சாமை ஆயா வீட்டுக்கு வருஷந்தோறும் வரும் என்று நான் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் கூட வந்தாள். அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினாள்.

புரதம் என்பது இருபது வகை மணிகளைக் கோத்த மாலை. அமினோ அமிலங்கள் என்று அந்த மணிகளுக்குப் பெயர். நம் குடலில் உணவைச் செரிக்க வைக்கும் டிரிப்சின் என்ற பொருளை மாலையின்மேல் விட்டால், லைசின், அர்ஜினின் என்ற இரண்டு மணிகளுக்கு அடுத்து மட்டும் அது கத்தரிக்கும். கிடைத்த துண்டுகளை ஒரு யந்திரம் எடை போடும். சாதாரணத் தராசு அல்ல. அணுவின் எடையைச் சொல்லும் தராசு. அந்த எடைகளைச் செடியின் ஜாதகத்தோடு ஒப்பிட்டு, இன்ன மாலை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஜாதகம் என்று நான் சொல்வது மரபணு வரிசையை. நெல்லுக்கு அதைப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து 2005-ல் எழுதி முடித்தார்கள். தினைக்கு 2012-ல் வந்தது, பனிவரகுக்கு 2019-ல். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு யார் ஜாதகம் எழுதுகிறார்கள்? இவள் வேலையைத் தொடங்கியபோது சாமைக்கென்று முழு ஜாதகம் எதுவும் இவள் கைக்கு எட்டவில்லை.

"பிறகு என்னதான் செய்தாய்?"

"ஆயா செய்ததைத்தான். உறவுக்காரர்களின் ஜாதகத்தை வைத்துப் பார்த்தேன். நெல் தூரத்து உறவு, தினை பங்காளி, பனிவரகு சாமையின் சொந்த இனம். ஒரு துண்டு ஒத்துப் போனால் போதாது. ஒரே மாலையின் இரண்டு மூன்று துண்டுகளாவது ஒத்துப் போக வேண்டும்."

அதிலும் சங்கடம் உண்டு. ஒரே ஒரு மணி மாறியிருந்தாலும் எடை மாறிவிடும். துண்டு ஒத்துப் போகாது. லூசின், ஐசோலூசின் என்ற இரண்டு மணிகளுக்கோ ஒரே எடை. தராசுக்கு அவை இரட்டைப் பிள்ளைகள். இதையெல்லாம் தாண்டி, எந்த உறவோடும் ஒட்டாமல் ஒரு குவியல் மிஞ்சும்.

"அடையாளம் தெரியாதவை என்று முதல் வருஷம் ஒதுக்கிவிட்டேன் மாமா. அப்புறம்தான் உறைத்தது. நெல்லோடு ஒத்துப் போவதெல்லாம் நெல்லிலேயே இருக்கிறது. சாமைக்கே சொந்தமான சரக்கு இருந்தால் அது அந்தக் குவியலில்தானே இருக்கும்?"

நெல்லை எடுத்துக்கொண்டிருந்தால் இதற்குள் பட்டம் வாங்கியிருக்கலாம் என்று அவளிடம் சொல்லாதவர்கள் இல்லை. அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். இத்தனைக்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பட்டியலின்படி, நூறு கிராம் சாமையில் சுமார் 10 கிராம் புரதம். தீட்டிய பச்சரிசியில் சுமார் 8 கிராம்தான். அளவு தெரிந்துவிட்டது, ஆசாமி யார் என்று தெரிவதற்குத்தான் இவ்வளவு பாடு. அந்தச் செடியின் ஆர்.என்.ஏ.யைப் படித்து, அதற்கே சொந்தமான பட்டியல் ஒன்றைத் தயாரிக்கப் போவதாகச் சொன்னாள். இன்னும் இரண்டு வருஷமாவது ஆகுமாம். இந்த முறை நான் நெல்லின் பேச்சை எடுக்கவில்லை.

காலையில் ஆயா ஒரு சின்ன முடிச்சைக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு படிகூடத் தேறாது.

"இவ்வளவுதான் வந்துச்சு கண்ணு. மேலயும் இப்ப மரவள்ளிதான் ரொம்பப் போடறாங்களாம்."

மருமகள் அந்த முடிச்சைக் கைப்பெட்டியில் வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி பூரா யோசிச்சேன்" என்றாள். "உங்க அப்பாவைப் பெத்த பாட்டிக்கு ஒரு தங்கச்சி, சின்ன வயசுலேயே போயிட்டா. கண்ணு அவளுதோ என்னமோ. கேட்டுப் பார்க்கலாம்னா, அவளைப் பார்த்தவங்க இப்ப யாரும் இல்லை."