மாமாவின் கேமரா

1984-ஆம் ஆண்டு உதகைச் சுற்றுலாவுக்கு மாமாவின் கேமராவை இரவல் வாங்கினேன். கல்யாண வீடுகளில் படமெடுத்து அவர் குடும்பம் நடத்தியது அதை வைத்துத்தான். பழைய கைலியில் சுற்றி ரெக்ஸின் பைக்குள் வைத்து, வழி நெடுக மடியிலேயே சுமந்தேன். பிலிம் சுருள்கள், முறுக்குக்காக அம்மா கொடுத்த எவர்சில்வர் டப்பாவில். முறுக்கு காகிதப் பொட்டலத்துக்குப் போயிற்று!

இத்தனை பக்குவம் பார்த்தவன், விடியற்குளிரில் படமெடுத்த கையோடு தேநீர்க் கடைக்குள் நுழைந்தேன். குளிர்ந்த லென்ஸில் ஆவி படிந்தது. பையில் மூடி வைத்துப் பொறுத்திருந்தால் படிந்தே இருக்காது. நானோ கைலி முனையால் துடைத்தேன். அதில் மலைச்சாலைத் தூசி. மெல்லிய கீறல் விழுந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் மாமா லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படமெல்லாம் நல்லா எடுத்தியா மாப்ளே?" என்றார்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு அதையேதான் எடுத்துக்கொண்டு போனார்.