சத்தமும் நிறுத்தமும்

ஓடுவதற்கு வேண்டிய வலுவைப் பற்றி மனிதன் சிந்தித்த அளவுக்கு நிற்பதற்கு வேண்டிய வலுவைப் பற்றிச் சிந்தித்ததாகத் தெரியவில்லை. துவிச்சக்கர வண்டி வாங்கச் செல்பவர் அதன் நிறத்தைப் பார்ப்பார். பாரத்தைத் தூக்கிப் பார்ப்பார். கியர்கள் எத்தனை என்று கேட்பார். பிறேக்கைப் பற்றிய கேள்வி கடைசியிலேதான் வரும், வராமலும் போகும். யாழ்ப்பாணம் போன்ற சமதரையிற் பிறந்து வளர்ந்தோருக்கு இந்த அசட்டை இயல்பானதே. அங்கே மிதிப்பதை நிறுத்தினால் வண்டி சிறிது தூரத்தில் தானாகவே ஓய்ந்துவிடும். பேராதனைக்கு வந்து ஹந்தானைச் சாரலில் ஏறி இறங்கத் தொடங்கிய பின்னரே, நிறுத்தம் என்பது தனியான ஒரு வேலை என்பது எனக்குப் புலனாயிற்று.

அவ்வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவரும் வண்டியுமாக 80 கிலோகிராம் திணிவு, மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது அதன் இயக்கப்பாட்டுச் சக்தி 1000 யூல். வேகம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகி 4000 யூலை எட்டும். அதே திணிவு 100 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குமாயின் ஏறத்தாழ 80,000 யூல் சக்தி வெளிப்படும். காற்று எடுத்துக்கொள்ளும் பங்கு போக எஞ்சியதை வெப்பமாக மாற்றி வெளியே விடுவதே பிறேக்கின் தொழில். பிறேக் என்பது உண்மையில் ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் ஓர் அடுப்பு எனலாம்.

எங்கள் வீடுகளில் நின்ற பழைய சைக்கிள்களில், கைபிடியிலிருந்து கீழிறங்கும் இரும்புக் கம்பிகள் இறப்பர்க் கட்டைகளை இழுத்து றிம்மோடு அழுத்தின. மழையில் றிம் நனைந்தால் கட்டை வழுக்கும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இன்றி ஊரே சைக்கிளில் ஓடியபோது, மாரியில் காலைத் தரையில் ஊன்றி வண்டியை நிறுத்தியோர் பலர். இன்று பரவலாகி வரும் டிஸ்க் பிறேக், சேறும் நீரும் படும் றிம்மை விட்டு, சில்லின் நடுவே பூட்டிய உருக்குத் தட்டைப் பிடிக்கின்றது. இது புதிய எண்ணமன்று. ஆங்கிலப் பொறியியலாளர் பிரடெரிக் லான்செஸ்ரர் 1902 ஆம் ஆண்டிலேயே தட்டுப் பிறேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். 1953 இல் லு மான் ஓட்டப் போட்டியில் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பின்னர் உலகம் அதனை நன்கு அறிந்தது.

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நான் வாங்கிய சைக்கிளிலும், கேபிளால் இயங்கும் டிஸ்க் பிறேக்கே இருந்தது. அதனை நான் மட்டும் ஓட்டவில்லை. என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் மாலையில் ரியூசன் கற்பிப்பதற்காக அதிற்றான் சரிவில் இறங்கிப் போவான். இருட்டிய பின் திரும்புவான். அவனது மாதச் செலவு அந்த வகுப்புகளையே நம்பியிருந்தது. மழை தொடங்கிய ஒரு வாரம் முன்பிறேக் கீச்சிடத் தொடங்கிற்று. இரண்டாம் நாள் மாலை அவன் மகிழ்ச்சியோடு சொன்னான்: “மச்சான், சத்தம் நிண்டிட்டுது. செயினுக்கு விடுற எண்ணெயிலை ரெண்டு சொட்டு விட்டனான்.”

அவனைக் குறைகூற முடியாது. சைக்கிளில் எங்கே ஓசை எழுந்தாலும் எண்ணெய் விடுவதுதான் நாம் சிறுவயது முதல் கண்ட வைத்தியம். செயினுக்கும் அச்சுக்கும் அது மருந்து. அங்கெல்லாம் உராய்வு பகை. பிறேக்கிலோ உராய்வே உயிர். ஒரே எண்ணெய் ஓரிடத்தில் மருந்தாகவும் இரண்டு சாண் தள்ளி நஞ்சாகவும் இருப்பதை எந்தப் போத்தலின் மேலும் எழுதிவைக்கக் காணோம்.

வகுப்புக்குப் புறப்பட நின்றவனைத் தடுத்து, முற்றத்தில் வண்டியைத் தள்ளிப் பிறேக்கைப் பிடித்துப் பார்த்தோம். ஊரிலே வேப்பமரத்தடியில் சைக்கிள் திருத்தும் என் அம்மான், “முதல் கேள், பிறகு பார், கடைசியிலைதான் கழட்டு” என்பார். அந்த ஒழுங்கிலேயே சென்றோம். லீவர் கைபிடி வரை தளர்ந்து வரவில்லை; பாதி வழியிலேயே உறுதியாக நின்றது. ஆகவே கேபிள் நீளவில்லை, கட்டைகளும் தேய்ந்து தீரவில்லை. கையின் விசை தட்டு வரை சென்று சேர்கின்றது. ஆனாற் சில்லு உருள்கின்றது. விசை இருந்தும் பிடிப்பு இல்லையென்றால் இழந்தது உராய்வு ஒன்றே. தட்டைத் தாளினால் துடைத்தபோது தாள் பளபளத்தது.

தட்டினைச் சுத்தம் செய்வது எளிது. ஐசோபுரொப்பைல் அற்ககோலைத் தூய துணியில் நனைத்து, துணியில் கறை வராத வரை துடைத்தோம். கட்டைகளின் கதை வேறு. பிசினால் இறுக்கிய உராய்வுப் பொருள் எண்ணெயை உள்ளே உறிஞ்சிவிடும். மேற்பரப்பை அரத்தாளால் உரைத்தாலும், சூடேறும்போது உள்ளிருந்த எண்ணெய் மீண்டும் வெளியே கசியும். நண்பன் ஒருநாள் வகுப்பை இழந்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து புதிய சோடிக் கட்டைகளை வாங்கினோம்.

அவற்றைப் பூட்டும் வேளையிற்றான் முதற் கீச்சொலியின் காரணம் தெரிந்தது. கலிப்பரை முன்கவைக்குப் பொருத்தும் இரண்டு போல்ற்றுகளில் ஒன்று, விரலாலேயே திருகக்கூடிய அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதனாற் பிறேக் பிடிக்கும்போதெல்லாம் கலிப்பர் அதிர்ந்தது. அந்த அதிர்வே ஓசையாயிற்று. எண்ணெய் அந்த ஓசையை அடக்கியது; போல்ற்றை இறுக்கவில்லை. இன்னும் சில நாள்கள் அவ்வமைதியை நம்பி இறங்கியிருந்தால், அந்தப் போல்ற் எந்த வளைவில் கழன்று விழுந்திருக்குமோ என்று எண்ணி இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

பின்னர் வேலை ஒழுங்காகவே நடந்தது. எங்கள் வண்டியில் ஒரு கட்டை மட்டுமே அசையும். அது தட்டைச் சற்றே வளைத்து மறுபக்கத்து நிலையான கட்டையோடு சேர்க்கும். ஆகவே நிலையான கட்டையைத் தட்டில் உரசாத அளவுக்கு மிக அருகே வைத்து, கலிப்பரின் போல்ற்றுகளை இறுக்கினோம். புதிய கட்டைகள் உடனே முழுமையாகப் பிடிப்பதில்லை. சமதரையிற் சிறிது வேகமெடுத்து, சில்லு இறுகி நின்றுவிடாமல் மெல்லத் தணிப்பதை இருபது முறையளவில் செய்தபோது, கட்டையின் பொருள் தட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து பிடிப்பு முழுமை பெற்றது.

எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் டிஸ்க் பிறேக் உடையோர் மேலும் சிலவற்றை அறிதல் நலம். சில பிறேக்குகள் கனிய எண்ணெயையும் வேறு சில டொற் வகைத் திரவத்தையும் வேண்டுவன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர் அடைப்புகள் கெட்டுவிடும். லீவர் பஞ்சுபோல் அமிழுமானால் குழாயினுள் காற்று புகுந்திருத்தல் கூடும். சில்லைக் கழற்றி வைத்திருக்கும்போது லீவரை அழுத்துதல் கூடாது. நீண்ட சரிவின் முடிவில் தட்டைத் தொட்டுப் பார்ப்பதும் ஆகாது. முன்னர் சொன்ன அடுப்பு அதுவே.

இவை யாவும் சிறிய காரியங்கள்தாம். ஆயினும் குறையைச் சொல்லும் குரலை அடக்கிவிட்டுக் குறையே தீர்ந்ததென்று ஆறுதல் கொள்ளும் வழக்கம் சைக்கிளோடு மட்டும் நிற்பதன்று. விடுதியிலும் வகுப்பிலும் சபைகளிலும் முறைப்பாடு ஒன்று எழும்போது, இரண்டு சொட்டு எண்ணெயோடு ஓடி வருவோர் நம்மிடையே நிறைய உளர். பெரும்பாலும் அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வருகின்றனர். அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: சத்தம் நின்றது சரி, சில்லு நிற்கின்றதா?