புரியாத மொழியில் ஓர் ஆறுதல்

எங்கள் அன்னையை அடக்கம் செய்த வாரம் அது. ஆறுதல் கூற வந்தோர் அன்போடுதான் பேசினர். ஆயினும் சொற்கள் பெருகப் பெருக எங்கள் நெஞ்சம் கனத்தது. அனைவரும் விடைபெற்றுச் சென்ற ஓர் இரவில், தம்பி ஓர் இசைத்தட்டைச் சுழல விட்டான். பியானோவின் மெல்லொலியோடு ஒரு பெண்குரல் எழுந்தது. மொழி சுவீடிஷ், ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனினும் அன்றுதான் நாங்கள் வாய்விட்டு அழுதோம்.

அக்குரலுக்கு உரியவர் மோனிகா செட்டர்லுண்ட். 1937-இல் சுவீடனின் ஹாக்ஃபோர்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். வானொலியிலும் இசைத்தட்டுகளிலும் ஒலித்த அமெரிக்க ஜாஸ் பாடல்களை, ஆங்கிலம் அறியாத பருவத்திலேயே கேட்டுக் கேட்டுப் பாடப் பழகினார். பொருள் புரியுமுன்னரே பாட்டின்மீது அன்பு கொண்டவர் அவர். அவ்வகையில் அவரும் எங்களைப் போன்றவரே. பின்னாளில் பெப்பே வோல்கெர்ஸ் சுவீடிஷ் வரிகள் எழுதித் தர, ஜாஸ் அவர் நாவில் தாய்மொழி பேசிற்று.

1963-இல் இலண்டனில் நடந்த யூரோவிஷன் போட்டியில் சுவீடனுக்காகப் பாடிய அவருக்கு ஒரு புள்ளிகூடக் கிட்டவில்லை. மறு ஆண்டே ஸ்டாக்ஹோமில், அமெரிக்கப் பியானோ மேதை பில் எவன்ஸின் மூவர் குழுவோடு ஓர் இசைத்தட்டுக்குப் பாடினார். எவன்ஸ் தம் அண்ணன் மகளுக்காக இயற்றிய மெட்டை அதில் சுவீடிஷில் பாடியுள்ளார். அன்றிரவு எங்கள் இல்லத்தில் ஒலித்தது அவ்விசைத்தட்டே. அன்று பூஜ்யம் பெற்ற குரலை உலகம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அக்குரலின் ஈர்ப்பு எதில் உள்ளது? அது உரத்து எழுவதில்லை. தன் திறத்தைக் காட்ட முனைவதுமில்லை. அருகிருப்பவரோடு பேசுவதுபோல் பாடுகிறது. பியானோ பேசும்போது பொறுத்திருந்து கேட்கிறது. முதுகெலும்பு வளைந்த நோயின் வேதனையோடு நெடுங்காலம் பாடிய அவர், 1999-இல் மேடையை விட்டு விலகினார். 2005-இல் தம் இல்லத்தில் நேர்ந்த தீ விபத்தில் மறைந்தார். இவற்றையெல்லாம் நாங்கள் பின்னரே அறிந்தோம். ஆனால், துயரை அறிந்த குரல் அது என்பதை அவ்விரவே உணர்ந்திருந்தோம்.

இப்போதெல்லாம் துக்க வீட்டிற்குச் செல்கையில் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அருகில் அமர்கிறோம். அவர்கள் பேசினால் கேட்கிறோம்.